ஆடி வெள்ளியும் ஆரஞ்சு பெல்ட்டும்

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஓர் ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்தையும் சந்தில் போகும் ஆட்டோ சத்தத்தையும் தாண்டிக் கடைசி மேசைவரை கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே, வீட்டில் "உப்பை எடுங்க" என்று சொன்னால்கூட மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். குரலோடு கோபமும் சேர்ந்து வளர்ந்தது. இரண்டில் எது மூத்தது என்று எனக்கே தெரியாது.

ரத்தக் கொதிப்பு இருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நடந்தேன். நடக்கிற வழியில் ஒரு சமுதாயக் கூடம். அதன் மாடியிலிருந்து சாயங்காலமானால் கூட்டமாக யாரோ கத்துவார்கள். ஒருநாள் படியேறிப் பார்த்தால் கராத்தே வகுப்பு. குத்தோ உதையோ விட்டு முடிக்கிற இடத்தில் ஒரு சத்தம் போட வேண்டுமாம். அதற்குக் கியாய் என்று பெயர். ஃபீஸ் கட்டிக் கத்தக் கற்றுக்கொள்கிறார்களே, நமக்குத்தான் அது பிறவியிலேயே வந்துவிட்டதே என்று தோன்றியது. மறுவாரம் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, என் இடுப்பு உயரமே இருந்த பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன்.

மாஸ்டர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கன்னடக்காரி, ஆனால் தமிழ்ப் பிள்ளைகளோடு பழகியே அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. நான் முதல்முறை கியாய் போட்டபோது முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் படம் பிடித்த போனைக் காட்டினாள்.

"பாருங்க ஆன்ட்டி, சத்தம் முன்னாடி போயிடுது, கை பின்னாடி வருது. தொண்டையில கத்தறீங்க. யார் மேலயோ கோவம் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நேற்றுப் பிறந்தவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் போனில் பார்த்தது பொய்யில்லை. கோபம் யார் மேல் என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. என் மகள் மேல்தான்.

அவள் புனேக்கு வேலைக்குப் போனவள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். ரயில் ஏற்றிவிடப் போன இடத்தில் நான் போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் "சாப்பிட்டியா கண்ணு" என்று தொடங்குவேன். அடுத்த நிமிஷம் அந்தச் சாப்பாட்டிலிருந்தே சண்டை கிளம்பும். "அப்பாகிட்ட குடு" என்பாள். பிறகு அதுவும் போய், நேராக அவள் அப்பாவின் போனுக்கே கூப்பிட ஆரம்பித்தாள். பேச்சு அடுத்த அறையில் நடக்கும். நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

ஆடி பிறந்ததும் சாமுண்டி மலைக்குப் போய் வேண்டிக்கொண்டேன். என் மகள் என்னோடு பேச வேண்டும். அதற்காக ஆடி வெள்ளிகள் எல்லாவற்றிலும், எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். ஒரு சத்தம்கூட வராது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மத்தியானம் வரைக்கும்னு வேண்டியிருக்கலாமல்லோ? அம்மனுக்கே சந்தேகம் வந்திருக்கும்."

முதல் வெள்ளி கம்பெனியில் பெரிய வேடிக்கையாகிவிட்டது. நான் கையைக் காட்டிக் காட்டி வேலை வாங்கினேன். மத்தியானத்துக்குள் பேக்கிங் பெண்களுக்குப் பயம் வந்துவிட்டது. "அக்கா, ஒருவாட்டி திட்டிடுங்க, எங்களுக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. எனக்கும் என்னமோ மாதிரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. மகள். பழக்க தோஷத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டேன். எடுத்தது அப்பா என்று நினைத்துக்கொண்டு அவள் சொல்ல ஆரம்பித்தாள். காய்ச்சலில் படுத்திருந்தாளாம். கூட இருந்த பெண் வேறு வீட்டுக்குப் போய்விட்டாளாம். ரசம் வைத்தாளாம், வாயில் வைக்க முடியவில்லையாம். என் தொண்டைவரை பத்து வார்த்தை வந்து நின்றது. நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்பதுதான் முதல் வார்த்தை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அவர் வந்து போனை வாங்கி, "போனை எடுத்தது நானில்ல சாமி, உங்கம்மா. இன்னிக்கு அவ விரதம், வாயைத் திறக்க மாட்டா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அம்மாகிட்டயே குடுங்க" என்றாள்.

பிறகு அவள் பேசினாள், பேசினாள், ரொம்ப நேரம் பேசினாள். ஆமாம் என்றால் போனை ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று அவளே ஏற்பாடும் செய்தாள். என் மகள் இவ்வளவு பேசுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்த வெள்ளி என் போனுக்கே கூப்பிட்டாள். அதற்கடுத்த வெள்ளியும். வேண்டுதலை முடிப்பதற்கு முன்னாலேயே அம்மன் பலனைக் கொடுத்துவிட்டாள். இதில் ஒரு வெள்ளி தவறினாலும் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

அப்போதுதான் கராத்தே பரீட்சை வந்தது. மைசூரில் எங்களைப் போன்ற தமிழர்களுக்கு இரண்டு பஞ்சாங்கத் தொல்லை. கன்னடக்காரர்களின் ஆஷாடம் முன்னாலேயே பிறந்து முன்னாலேயே முடிந்துவிடும். எங்கள் குடும்பம் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம், எங்கள் வீட்டில் ஆடி நடந்துகொண்டே இருக்கும். மாஸ்டர், நல்ல காரியத்துக்கு ஆகாத ஆஷாடம் போகட்டும் என்று காத்திருந்து, சிராவணத்தில் நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் பரீட்சையை வைத்துவிட்டாள். அது எங்கள் ஆடியின் கடைசி வெள்ளி. அடுத்த படியான ஆரஞ்சு பெல்ட்டுக்குக் கியாய் கட்டாயம்.

"கியாய் பேச்சில்ல ஆன்ட்டி, அது மூச்சு" என்று வாதாடினாள் அவள்.

"உன்ற மூச்சு ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்குது. அதை மூச்சுன்னு அம்மன் ஒத்துக்கோணுமே" என்றார் என் வீட்டுக்காரர், நான் வந்து சொன்னதும்.

எனக்கு பெல்ட் வேண்டும். அதில் வெட்கமென்ன? இந்த வயதில் முட்டிவலியோடு உதைத்துப் பழகியிருக்கிறேன். அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று விடிகாலையில் மலைப்படி ஏறினேன். பாதி வழியில் பெரிய நந்தியருகே மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, கேட்கிற வேலையே இல்லையென்று புரிந்தது. ஒரு சத்தம்கூட வராது என்று வேண்டிக்கொண்டவள் நான். இப்போது நானே அதில் ஓட்டை தேடினால், நாளைக்கு மகளிடமும் இப்படித்தான் ஒரு ஓட்டை தேடுவேன். மேலே போய்க் கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தேன்.

பரீட்சைக்கு பெங்களூரிலிருந்து பெரிய மாஸ்டர் ஒருவர் வந்திருந்தார். குனிந்து வணங்கி ஆரம்பித்தேன். கியாய் போட வேண்டிய இடம் வந்தது. வாயை மூடிக்கொண்டு மூச்சை மட்டும் விட்டேன். கை அது போக வேண்டிய நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றது. எனக்கே ஆச்சரியம். உடம்புக்குள் அப்படியொரு அமைதியை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் மாஸ்டர் அவர் காதருகே குனிந்து கன்னடத்தில் என் விரதக் கதையைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு, விதி விதிதான், தசராவுக்குப் பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன், வழக்கமாக வருகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல. அது வரவேயில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் மகள் கூப்பிட்டாள்.

"பெல்ட் கிடைச்சுதாம்மா?"

இரண்டு தட்டு.

"கியாய் போடலியா?"

இரண்டு தட்டு.

"இந்த விரதம் எனக்காகவா?" என்றாள். அதை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியாது, அவள் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். ஒரு தட்டு தட்டினேன். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நான் முந்தானையைத் தேடினேன்.

ஆடி முடிந்து வாய் திறந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். முதல் வாரமே ஒரு சண்டை வந்தது. ஆனால் இப்போதெல்லாம் பாதியில் நான் நிறுத்திக்கொள்வதுண்டு. "என்னம்மா, லைன் கட்டாயிடுச்சா?" என்பாள். "இல்ல, நீ சொல்லு" என்பேன்.

தசராவுக்குப் பிறகு நடந்த பரீட்சைக்கு அவள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து நான் குரலை உயர்த்தினால் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறும். அவளுக்கே தெரியாது, நானும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இடம் வந்ததும் தொண்டையிலிருந்து இல்லாமல் வயிற்றிலிருந்து முழுக் குரலில் கியாய் போட்டேன். கூடமே அதிர்ந்தது. உதைத்த காலைக் கீழே வைக்கும்போதே அவளைத் தேடினேன். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, ஒரு கையில் போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் இறங்கியே இருந்தது.