வெறுமையாய்ப் போன சுடுதண்ணிப் போத்தல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த பனிக்காலத்தில் சித்தப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் தடிமனோடு போகிற காய்ச்சல், அவருக்கு மட்டும் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. இதயத் தசையில் அழற்சி, அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு பை நிறையக் குளிசைகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

அம்மாவும் அப்பாவும் பின்னேர வேலைக்குப் போனபிறகு, பிரெஞ்சு பேசும் ஊரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே கூட்டாளி சித்தப்பாதான். அவரோடு கதைக்கவும் கூடாது, அவரைச் சிரிக்க வைக்கவும் கூடாது என்று அம்மா சட்டம் போட்டுவிட்டா. சித்தப்பா சுவரைப் பார்த்தபடி கிடப்பார். நான் சத்தமில்லாத தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்பேன். அப்படியொரு தனிமை எனக்குப் பிறகு வந்ததேயில்லை.

எதிர்வீட்டில் ஒரு சீனத்து மனுசி தனியே இருந்தார். சித்தப்பாவை ஆம்புலன்சில் ஏற்றியதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, வாய் அகன்ற ஒரு சுடுதண்ணிப் போத்தலை நீட்டினார். இந்த வேர்கள் இதயத்தின் அழற்சியைத் தணிக்கும், செத்துப்போன தன் தகப்பனுக்கும் தன் தாய் இதைத்தான் அவித்துக் கொடுத்தா என்று மகன் பிரெஞ்சில் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். உள்ளே செம்மண் நிறத்தில் கசாயம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குது, ஆனா நெஞ்சுக்கு இதமா இருக்கு பிள்ளை" என்றார்.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் குடும்பத்தில் நடக்காத காரியம். அம்மா போத்தலைக் கழுவிப் பயத்தம் உருண்டைகளை நிரப்பி என்னிடம் தந்தா. மனுசிக்கு நல்ல சந்தோசம். மறுநாளே போத்தல் கசாயத்தோடு திரும்பி வந்தது.

பிறகுதான், குளிசை வாங்கப் போன இடத்தில் கசாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட மருந்துக்கடைக்காரி அம்மாவைப் பிடித்து உலுக்காத குறையாகத் தடுத்தா. அந்தச் சிவப்பு வேர் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் சித்தப்பா போடுகிற, இரத்தத்தை இளக்கும் குளிசையோடு சேர்ந்தால் ஆளுக்கே ஆபத்து. அன்றிலிருந்து கசாயம் கழுவுதொட்டிக்குள் போனது. ஆனாலும் போத்தல் வெறுமையாகப் போகலாமா? அம்மா உருண்டை வைப்பா, வீட்டில் ஒன்றுமில்லையென்றால் சீனியாவது போடுவா. உருண்டையைக் கண்ட மனுசி இன்னும் உற்சாகமாக அவிப்பார். எனக்கு அது பெரிய வாய்ப்பாகப் போய்விட்டது. எனக்காகத் திறந்த கதவு அது ஒன்றுதான். "போஞ்சூர்" என்று வணக்கம் சொல்லி அவர் என் கன்னத்தைத் தட்டுவதற்காகவே போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

கடைசியில் அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "பாவம், அந்த மனுசி மினக்கெட்டு அவிக்கிறா, நாங்கள் ஊத்துறம். இண்டைக்கு வெறுமையாக் குடு. விளங்கிக்கொள்ளுவா."

மனுசி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் கதவைப் பார்த்தார். பிறகு போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் தலையில் கைவைத்து அழுதார். உருண்டைக்காகவா இவ்வளவு அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் எங்கள் வாசலில் வெள்ளைச் செவ்வந்திக் கொத்து ஒன்று இருந்தது. "கோவிக்கேல்லை, பாத்தியோ" என்று அம்மா நிம்மதியாக அதைப் பிள்ளையார் படத்துக்கு வைத்தா. சித்தப்பா கட்டிலில் எழுந்திருந்து, "நல்ல வடிவான பூ" என்றார்.

அதன்பிறகு நான் தட்டியபோது அந்தக் கதவு திறக்கவில்லை. பனி உருகமுன்னமே மகன் அவரைத் தான் இருந்த புரோசார்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வளர்ந்தபின் ஒரு சீனச் சிநேகிதியின் தகப்பனுடைய செத்தவீட்டில் அதே வெள்ளைச் செவ்வந்திகளைக் கண்டேன். அவை இறந்தவர்களுக்கான பூ என்று அவள் சொன்னாள். வெறும் போத்தலைக் கண்ட அந்த மனுசி, இரண்டாம் முறையும் ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போனதாக நினைத்துத்தான் போயிருக்கிறார். சித்தப்பா அன்றைக்கு, இரண்டு கதவுகளுக்கு அப்பால், இருமிக்கொண்டு உயிரோடு இருந்தார்.