சீன வயலில் லூர்தம்மா

லூர்தம்மா அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கேட்டார்கள். எழுத நான் தயார். ஆனால் அவரைப் பற்றி எழுதினால் எங்களைப் பற்றியும் எழுத வேண்டி வரும். அதை மலரில் போடுவார்களோ தெரியாது.

டென்மார்க்கில், ஹேர்னிங்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் நானும் அக்காவும் பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அக்கா காற்சட்டைப் பை தைப்பார், நான் பெட்டி கட்டுவேன். அவர் மன்னாரில் நானாட்டான் பக்கம் பிறந்தவர். தகப்பனுக்கு வயல் இருந்தது, உண்மையாகவே இருந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஊரில் நாற்பது ஏக்கர். அவர்கள் சொல்லும் வயலை எல்லாம் சேர்த்து அளந்தால், மன்னார்க் கடலையும் தூர்க்க வேண்டி வரும். அக்கா மட்டும் வயலைப் பற்றி வாய் திறக்க மாட்டார். பத்து வயதில் அந்தச் சேற்றுக்குள் குனிந்து நின்றவருக்கு அதில் பெருமை பேச என்ன இருக்கிறது?

2008 கடைசியில் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். வேலை முழுவதும் சீனாவுக்குப் போனது. தையல் இயந்திரங்களும் போயின. அவற்றைப் பெட்டி கட்டி அனுப்பியதும் நான்தான்.

அடுத்த தையில் இலங்கையில் வன்னிச் சண்டை இறுகியது. அக்காவின் ஒரே தம்பி யேசுரட்ணம் உள்ளே அகப்பட்டிருந்தான். பங்குனியில் ஒரு தடவை தொலைபேசி எடுத்தான். "அக்கா, எனக்கு உன்ரை நம்பர் ஒண்டுதான் பாடம். அதை மாத்திப் போடாதை" என்றான். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. அன்றிலிருந்து அக்கா குளிக்கப் போனாலும் கைத்தொலைபேசி கூடவே போகும். பூசையில்கூட அதை நிறுத்த மாட்டார். பாதிரியார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

அக்காவின் புருஷன் அந்தோனிதாசன் அண்ணை. முதுகு வலி என்று மூன்று வருடமாக நோய்விடுப்பில் இருப்பவர். ஒலிவாங்கியைக் கண்டால் மட்டும் இரண்டு மணித்தியாலம் நிமிர்ந்து நிற்பார். சீனா இலங்கை அரசாங்கத்துக்கு ஆயுதம் கொடுக்கிறது, ஆகவே இனிச் சீனப் பொருள் எதையும் தொடக்கூடாது என்று சங்க மண்டபத்தில் அறிவித்தார்.

"அப்ப ரீவி, ரெலிபோன் எல்லாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாங்கினது வாங்கினதுதான். இனி வாங்கிறதைப் பாப்பம்."

கிழமைக்குக் கிழமை வாங்கும் சீனச் சாமான் என்று தேடிப் பார்த்தால் மிஞ்சியது உள்ளி, அதுதான் வெள்ளைப்பூண்டு, ஒன்றுதான். இங்கே கடைகளில் வலைப்பையில் தொங்கும் உள்ளி அங்கிருந்துதான் வருகிறது. ஆக, வல்லரசு ஒன்றை ரசத்தால் மடக்கப் புறப்பட்டோம். ஸ்பெயின் உள்ளி தேடி ஹொல்ஸ்டெப்ரோ வரை கார் ஓடியவர்களும் உண்டு. நான் கூடையில் பாணுக்குக் கீழே ஒளித்துச் சீன உள்ளியே வாங்கினேன். உள்ளி இல்லாத ரசம் எனக்கு இறங்காது.

சித்திரையில் கொமூனிலிருந்து, அதுதான் நகரசபையிலிருந்து, அக்காவுக்குக் கடிதம் வந்தது. ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே நீல்ஸ் என்ற பன்றிப் பண்ணைக்காரர், சீனாவுக்குப் பன்றி விற்கப்போன இடத்தில் அந்த நாட்டில் மயங்கி, திரும்பி வந்து, சனம் பார்க்கவென்று ஒரு சீனக் கமப் பூங்கா கட்டியிருந்தார். மூங்கில் வாசல், தண்ணீர்ச் சக்கரம், இரண்டு எருமை, பிளாஸ்டிக் விரித்த ஒரு வயல். அந்தக் குளிரில் நெல் நிற்கும், விளையாது. பரவாயில்லை, பார்க்க வருகிறவர்களுக்கு நடுவது தெரிந்தால் போதும். ஆனால் சேற்றில் இறங்கச் சீனர் கிடைக்கவில்லை. அங்கே இருந்த ஒரே சீனப் பெண் ஓஹூஸ் நகரத்தில் படிக்கிற மாணவி, இருபத்திரண்டாம் மாடியில் வளர்ந்தவள். அவள் தேநீர் ஊற்றுவாள், சேறு என்றால் மூக்கைச் சுளிப்பாள்.

கொமூன் தன் வேலையற்றோர் பட்டியலைப் புரட்டியது. படிவத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் நாங்கள் எல்லோரும் கணினி என்று பொய் எழுதியிருந்தோம். அக்கா ஒருவர்தான் நெல் என்று உண்மையை எழுதியிருந்தார். சீனா அவரது வேலையை எடுத்தது, கொமூன் அவரையே சீனாக்காரி ஆக்கியது. போகாவிட்டால் உதவிப்பணம் நிற்கும். கூம்புத் தொப்பியும் நீலச் சட்டையும் கொடுத்தார்கள். மனைவி வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள் என்று அந்தோனிதாசன் அண்ணை ஊரெல்லாம் சொன்னார். உண்மை எனக்கும் பிறகுதான் தெரியும்.

அந்தக் காலத்துக் கமக்காரரிடம் தொலைபேசி இல்லை, அதனால் வயலில் தொலைபேசி கூடாது என்பது நீல்ஸின் சட்டம். அக்கா அதைத் துணியில் முடிந்து தொப்பிக்குள் வைத்தார். இரண்டு தரம் பிடிபட்டார். மூன்றாம் தரம் பிடிபட்டால் கொமூனுக்கு எழுதி வேலையை நிறுத்துவேன் என்றார் நீல்ஸ்.

வைகாசி நடுவில் சண்டை முடிந்தது என்று செய்தி வந்தது. மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் மூன்று நாள் அழுதேன். அக்கா அழவில்லை. அந்தத் தொலைபேசி அடித்தால்தான் அவருக்கு எது முடிந்தது என்று தெரியும்.

பெந்தெகொஸ்தேக்கு மறுநாள் திங்கள், நாடெங்கும் லீவு. பூங்காவில் குடும்பங்களுக்கு இலவச அனுமதி என்று தபால்பெட்டியில் விளம்பரத் துண்டு வந்து விழுந்தது. மகள் அன்னாவுக்கு எட்டு வயது. எருமை பார்க்க வேண்டும் என்று டேனிஷில் ஒற்றைக்காலில் நின்றாள்.

"சீனாக்காரன்ரை இடத்துக்கோ? சனம் கண்டால்?" என்றார் என் புருஷன் றொபேட்.

"இலவசம்தானே. நாங்கள் ஒண்டும் வாங்கேல்லையே" என்றேன்.

தேநீர்க்கடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் காரை நிறுத்தினோம். அந்த மூலையில் ஏற்கனவே எட்டுக் கார் நின்றது. ஒன்றில் மன்னார் மடுமாதா படம் தொங்கியது. தண்ணீர்ச் சக்கரத்துக்குப் பின்னால் மரியரட்ணம் அண்ணை தொப்பியை இழுத்துவிட்டபடி நின்றார். மண்டபத்தில் பகிஷ்கரிப்புக்கு முதலில் கைதூக்கியவர் அவர். என்னைக் கண்டதும், "பிள்ளையள் ஆசைப்பட்டதுகள், அதுதான்" என்றார். அவருடைய கடைசிப் பிள்ளைக்கு இருபத்தாறு வயது. எருமைக் கொட்டிலில் மூன்று குடும்பம், மூங்கிலுக்குள் நாலு. மொத்தம் ஒன்பது குடும்பம் எண்ணினேன், எங்களையும் சேர்த்து.

இரண்டு மணிக்கு நாற்று நடும் காட்சி. டேனிஷ்காரர் வாங்குகளில் உட்கார்ந்தார்கள். நாங்கள் மூங்கிலுக்குப் பின்னால் நின்றோம். கூம்புத் தொப்பி போட்ட ஒரு உருவம் சேற்றில் இறங்கிக் குனிந்தது. நாலாவது நாற்றுமுடி நடும்போது எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பதினெட்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்த முதுகு அது. மற்றவர்களும் கண்டுகொண்டார்கள். எல்லோரும் மூங்கிலுக்குள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினோம். கூப்பிட்டால் நாங்கள் வந்தது அவருக்குத் தெரிந்துவிடுமே.

அப்போது தொப்பிக்குள் தொலைபேசி அடித்தது.

நீல்ஸ் வரம்பிலிருந்து விரலை ஆட்டினார். அக்கா அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, சேற்றுக் கையாலேயே முடிச்சை அவிழ்த்துக் காதில் வைத்தார்.

"ஓம், லூர்தம்மாதான். நீங்கள் ஆர்? தம்பி எங்கை? அவனிட்டைக் குடுங்கோ."

விவரம் பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். எடுத்தது அகதி முகாமிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், யாரிடமோ இரந்து வாங்கிய தொலைபேசியில். ஒரே பதுங்குகுழியில் இருந்தவளாம். சாகிற நேரத்தில் யேசுரட்ணம் இந்த நம்பரைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அவளுக்குப் பாடமாக்கினானாம். ஒரு நிமிடத்தில் தொடர்பு அறுந்தது.

அக்கா அப்படியே சேற்றில் குந்தினார். நெஞ்சில் அடித்து, "என்ரை ராசா, எனக்கெண்டு இருந்த ஒருத்தனே, ஒரு வாய் தண்ணி தர நான் பக்கத்திலை இல்லாமப் போனனே" என்று குரலெடுத்தார். நானாட்டானில் எப்படி அழுவார்களோ அப்படி அழுதார். நான் மூங்கிலை விட்டு வெளியே வரவில்லை. யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். அதை இங்கே எழுதுகிறேன், மலரில் போட்டாலும் சரி, வெட்டினாலும் சரி.

அழுகை ஓய்ந்ததும் டேனிஷ்காரர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களில் பிழை இல்லை, காட்சி என்று நினைத்தார்கள். நீல்ஸுக்குக் கோபம் எல்லாம் பறந்துவிட்டது. வரம்போரம் வந்து, "மிக அழகு, லூர்தம்மா. ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு இதைப் பாடுவாயா?" என்று கேட்டார்.

அக்கா தன் தொழிற்சாலை டேனிஷில் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார்.

"முடியாது. எனக்கு ஒரு தம்பிதான் இருந்தான்."

நீல்ஸின் முகம் வெளுத்தது. கைதட்டலும் நின்றுபோனது. அக்கா எழுந்து, மூங்கில் பக்கம் நேராகத் திரும்பினார். தொடக்கத்திலேயே எங்களைக் கண்டிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

"செத்த வீட்டிலை இண்டைக்கு அடுப்பு மூட்டமாட்டன். ஆரும் சோறு கொண்டு வாங்கோ" என்றார். இரண்டடி நடந்துவிட்டு நின்றார். "உள்ளி போட்டே கொண்டு வாங்கோ. எல்லாற்றை வீட்டிலையும் கிடக்கெண்டு எனக்குத் தெரியும்."

அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்கு ஒன்பது சட்டி ரசம் போனது. ஒன்றில்கூட உள்ளி குறையவில்லை.