சைக்கிளைப் பற்றிச் சொன்ன பொய்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்துகொண்டே, வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்கு ரகசியமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேரும்போதே எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டது. வெளிநாட்டுக்கு முயற்சி செய்கிறோம் என்று தெரிந்தால் தொலைந்தோம். முன்பு மாட்டிக்கொண்ட ஒரு சிஸ்டர், சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்க அலைந்த அலைச்சலை நான் கண்ணால் பார்த்தவள். அதனால் கணவரைத் தவிர ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

எழுதுவதும் வாசிப்பதும் எப்படியோ வந்துவிட்டன. பேச்சுதான் வரவில்லை. ஆன்லைன் வகுப்பு சார் எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டு, தினமும் போனில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பழகச் சொன்னார். தமிழ் கூடவே கூடாது. "நீங்க சொல்றது உண்மையா பொய்யான்னு எக்ஸாமினர் பார்க்க மாட்டார், இங்கிலீஷைத்தான் பார்ப்பார். தைரியமா அள்ளி விடுங்க" என்றார். எனக்கு ஜோடியாக வந்தவள் தன் ஊர் கோயம்புத்தூர் என்றாள். முகம் தெரியாதவளிடம் உண்மையைச் சொல்ல நான் என்ன இளிச்சவாயா? சென்னை என்றேன். பெயரையும் மாற்றிவிட்டேன்.

அந்த வாரத் தலைப்பு சைக்கிள். சிறுவயதில் கடற்கரைச் சாலையில் சிவப்பு சைக்கிளில் பறந்ததாக அளந்துகொண்டிருந்தேன். நான் நின்று பேசிய மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்த என் கணவர், "ஏட்டி, நீ சைக்கிள் மிதிச்சு நான் பாத்ததே இல்லையே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்து அவள் முறை. உங்கள் ஊரில் சைக்கிள் ஓட்ட வசதி இருக்கிறதா என்று கேட்டேன். அதுவரை சரளமாகப் பேசியவள், ஊர் என்றதும் திக்கினாள். அந்த இடைவெளியில் அவள் போனுக்குள்ளிருந்து ஒரு கண்டக்டர் குரல் தெளிவாகக் கேட்டது: "மம்சாபுரம், மம்சாபுரம்! ஏறு, ஏறு!"

மம்சாபுரம் எங்கள் பக்கத்து ஊர்; அதற்குக் கோயம்புத்தூரில் ஏது டவுன் பஸ்? இவள் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறாள். எதற்குப் பொய் சொல்கிறாள்? சமாளித்துக்கொண்டு அவள் என்னிடம் அடுத்த கேள்விகளைக் கேட்டாள். வேலைக்கு எதில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள்? தேர்வில் வருகிற கேள்விகள்தான். ஆனாலும் அன்று அவை விசாரணை மாதிரியே இருந்தன. எங்கள் நிர்வாகம் வைத்த ஆள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் ரிசப்ஷனில் மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். போனில் பேசுவது இவள்தானோ என்று மறுநாள் அவள் பக்கத்தில் நின்று, "இப்பல்லாம் யாரு சைக்கிள் ஓட்டுதா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டு முகத்தையே பார்த்தேன். "எங்க மாமாட்ட ரெண்டு சும்மாதான் கெடக்கு, வேணுமாக்கா?" என்றாள். அதையும் நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை.

கடைசியில் பொறியை நானே வைத்தேன். மூன்றாம் நாள் மாலை பயிற்சியின் நடுவே, உங்கள் ஊரிலிருந்து மம்சாபுரத்துக்கு சைக்கிளில் போக முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவளிடமிருந்து முதன்முதலாகத் தமிழ் வந்தது.

"நீங்க யாரு? எங்க ஆஸ்பத்திரி மேனேஜர் சொல்லித்தான பேசுதீங்க? சென்னைன்னு சொன்னீங்களே, பொறவு எப்படி ஒங்க போன்ல தெனமும் ராஜபாளையம் மில்லுச் சங்கு ஊதுது?"

அவள் குரல் நடுங்கியது. இதுவும் நடிப்பாக இருந்தால்? உண்மையைச் சொன்னால் என் சர்டிபிகேட் போச்சு. போனை வைத்துவிட்டால் தப்பிக்கலாம். ஆனால் அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம். கண்ணை மூடிக்கொண்டு என் பெயர், மருத்துவமனை, வார்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழுதேவிட்டாள். "அக்கா, நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல நர்ஸு. டியூட்டி முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் பேசுதேன். என் சர்டிபிகேட்டும் அவிய கையிலதான் இருக்கு. தெரிஞ்சா அம்புட்டுதான்."

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அப்போதும் சந்தேகம் முழுதாக விடவில்லை. அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். அவளும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இருவரும் அதைக் கவனித்துவிட்டோம். சிரிப்பு தாங்கவில்லை.

அன்று டீக்கடையில் உட்கார்ந்து சைக்கிளைப் பற்றி நிஜத்தைப் பேசிப் பழகினோம். பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளை ஓட்டத் தெரியாமல் வீடுவரை உருட்டிக்கொண்டே போனவளாம் அவள். பொய்யில் அருவியாகக் கொட்டிய இங்கிலீஷ், உண்மையைச் சொல்லும்போது தட்டுத்தடுமாறியது.

இருவரும் தேறினோம். அவள் போராடி சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு முதலில் கிளம்பினாள். எப்படி வாங்குவது என்று எனக்கு வழி சொன்னதும் அவள்தான். சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன், எங்கள் நிலைமை அப்படி. ஆனால் அன்று ஒருத்தி வாய்விட்டுத் தன் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால், நல்ல இங்கிலீஷில் பொய் சொல்லி, நல்ல மார்க்கும் வாங்கி, ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தும் யாரோ எவரோ என்று இறங்கிப் போயிருப்போம்.