திராட்சைத் தோட்டத்துக் காட்டில் ஒன்பது கூடைகள்

என் கணவர் யோகன் குடியை விட்டு எட்டு மாதமாகிறது. ஒரு பயணக் கட்டுரையை இப்படித் தொடங்குவது வழக்கமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் செப்டம்பர் கடைசி ஞாயிறு நாங்கள் இருவரும் லண்டனில் நாங்கள் இருக்கும் மிட்சத்திலிருந்து (Mitcham) கென்ட் பக்கம் ரயிலேறிப் போன கதைக்கு வேறு தொடக்கம் இல்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதும். ஆனா நான் எறிஞ்ச எறியளைப் பற்றியும் ரெண்டு வரி எழுதும்" என்றார்.

முதலில் அந்த எறிதலைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கோல்ஃப் என்பது கோல்ஃப் போலத்தான். பந்துக்குப் பதிலாகச் சாப்பாட்டுத் தட்டின் அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் விழுத்த வேண்டும். குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் இடத்தில் அறிமுகமான ஒருவர் இவருக்கு இதைப் பழக்கினார். சனிக்கிழமை பின்னேரங்கள்தான் இவருக்கு மிகக் கடினமான நேரம். அந்த நேரத்தில் ட்ராம் பிடித்துக் குரொய்டன் பக்கத்துப் பூங்காவுக்குப் போய் எறிந்துவிட்டு, களைத்துப் பசியோடு வீட்டுக்கு வருவார். நான் அந்தத் தட்டுகளைக் கழுவித் துடைத்து வைக்கும் அளவுக்கு அவற்றின் மேல் மரியாதை வைத்திருந்தேன்.

ஒருநாள் போனை நீட்டினார். "பாரும், முழுக்கக் காட்டுக்குள்ளை இருக்கிற கோர்ஸ். இப்பிடி ஒண்டிலை நான் இன்னும் விளையாடேல்லை."

படத்தில் நெட்டை மரங்கள், நடுவே ஒரு மஞ்சள் கூடை. கீழே இடத்தின் விபரம். அது ஒரு வைன் செய்யும் பண்ணை. நான் அதை வாசித்தேன். வாசித்ததை அவரும் கண்டார். போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த சில நாட்கள் எனக்கு நிம்மதி இல்லை. இவருக்கு வேண்டியது மரமா, வைனா? போக வேண்டாம் என்றால் நான் காவல்காரி ஆகிவிடுவேன். பேசாமல் விட்டால் தனியாகப் போவார். கடைசியில் "நானும் வாறன்" என்றேன். "உமக்கு எறியத் தெரியாதே" என்றார். "பழகிறன்" என்றேன்.

எங்களிடம் கார் இல்லை. நான் ஓட்டுவதில்லை, இவருடைய லைசன்ஸ் போய்விட்டது, காரணத்தை நீங்கள் ஊகிக்கலாம். விக்டோரியாவில் 9.40 ரயில், ஒரு மணித்தியாலப் பயணம். இறங்கிய சிறு நிலையத்திலிருந்து பண்ணைக்கு நாலு மைல். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. முன்கூட்டியே சொல்லி வைத்த டாக்சிக்குப் பதினான்கு பவுண். சாரதி எங்களை இறக்கிவிடும்போது, "வைன் சுவைக்கவா வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தட்டு எறிய" என்று நான் அவசரமாகச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

நான் எதிர்பாராதது வாசலில்தான் இருந்தது. விளையாட்டுக்கு டிக்கெட் தருவதும், வாடகைக்குத் தட்டுத் தருவதும் வைன் சுவைக்கும் மண்டபத்துக்குள். அறுவடைக் காலம் வேறு. பின்பக்கம் டிராக்டரில் பழம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நசிந்த திராட்சையின் புளித்த மணம் முற்றம் முழுக்க நின்றது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் வெளியிலை நில்லுங்கோ. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"உமக்கு எந்தத் தட்டுச் சரிவருமெண்டு எனக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். ஆளுக்குப் பன்னிரண்டு பவுண், ஒரு கிளாஸ் வைனும் சேர்த்து. மேசைக்குப் பின்னால் நின்ற பெண் ரசீதோடு இரண்டு மரவில்லைகளைத் தந்தாள். விளையாடி முடித்துவிட்டு வந்து கொடுத்தால் வைன் ஊற்றுவார்களாம். இவர் இரண்டையும் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

காடு அழகு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கொடிவரிசைகளைத் தாண்டிச் சரிவில் ஏறியதும் செஸ்ட்நட் மரங்கள். நிலமெங்கும் முள்ளுமுள்ளாக அதன் கோதுகள். வெயில் துண்டு துண்டாக விழுந்தது. பூங்காவில் தூர எறிபவர்தான் கெட்டிக்காரர். காட்டில் அப்படி இல்லை. இரண்டு மரங்களுக்கிடையே ஒரு கதவளவு இடைவெளி, அதற்குள்ளால் போக வேண்டும். என் தட்டு ஒவ்வொரு மரத்தையும் விசாரித்துக்கொண்டு போனது. இவருடையது மூன்றாவது கூடையில் இடப்பக்கமாகப் புறப்பட்டு, ஓக் மரம் ஒன்றைச் சுற்றி வளைந்து, சங்கிலியில் மோதி உள்ளே விழுந்தது. ஒரே எறி! "கண்டனீரே!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார். கலியாணமாகிய புதிதில் கேட்ட குரல் அது.

ஐந்தாவது கூடையில் என் தட்டு, பட்டால் அரிக்கும் காஞ்சோண்டிப் பற்றைக்குள் போய்விட்டது. தடியால் கிளறிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒருவர் நின்றார்.

"தமிழ் கேட்டுச்சு, அதான் நின்னுட்டேன். நீங்க ஜாஃப்னாவா?"

குமரன், மலேசியாக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், அப்டன் பார்க்கில் வீடு. தனியாக விளையாட வந்திருந்தார். என் தட்டை அவர்தான் கண்டுபிடித்தார். மிச்ச நாலு கூடைகளையும் மூவருமாக விளையாடினோம். அவர் வாய் ஓயவில்லை. இவரும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். நான் இவருடைய சட்டைப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது கூடை மண்டபத்து முற்றத்தில் முடிகிறது. வெளியே மேசைகள், கண்ணாடிக் குவளைகள், ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு.

"வாங்கண்ணே, உக்காருவோம். இங்க வெள்ளை ஒயின் ரொம்ப நல்லா இருக்கும் லா" என்று குமரன் நாற்காலியை இழுத்தார்.

எட்டு மாதமாகப் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கோயில் அன்னதானம் முடிந்து கார்ப்பார்க்கில் கூடிக் குடிக்கும் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான் ஒரே பதிலை வைத்திருந்தேன். அது தானாக வாயில் வந்தது. "அவர் மருந்து எடுக்கிறவர். அவருக்கு ஏலாது."

யோகன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு குமரனிடம் திரும்பினார்.

"மருந்து ஒண்டும் இல்லைத் தம்பி. நான் குடிகாரனா இருந்தனான். இப்ப விட்டுட்டன். அதுதான் குடிக்கிறேல்லை."

குடிகாரன் என்ற அந்தச் சொல்லை அவர் வாயால் முதன்முறையாக அன்றுதான் கேட்டேன். அடுத்த மேசையில் யாரோ போத்தல் திறந்தார்கள்.  குமரன் தன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கண்ணன் குடிய விடல" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து போய் மூன்று தேநீர் வாங்கி வந்தார். தனக்கென்று வைன் வாங்கவில்லை. யோகன் சட்டைப்பையிலிருந்த வில்லைகளை எடுத்து, வாடகைத் தட்டுகளோடு சேர்த்து அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார்.

நீங்கள் போக நினைத்தால்: திரும்பும் டாக்சியையும் காலையிலேயே பேசி வையுங்கள், பண்ணைக்குள் போன் சிக்னல் இல்லை. நீளக் காற்சட்டை போடுங்கள், காஞ்சோண்டி பொல்லாதது. கடும் நிறத் தட்டு எடுங்கள். பச்சை எடுத்தால் என்னைப் போலப் பற்றைக்குள் நிற்பீர்கள். ஒன்பது கூடைக்கு இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். குடியை விட்ட ஒருவரோடு போவதானால், முன்பே தொலைபேசியில் சொல்லுங்கள். தட்டுகளையும் டிக்கெட்டையும் கார்ப்பார்க் வாசலுக்கே கொண்டுவந்து தருவார்களாம். இது போய் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. நான் இரண்டு கிழமையாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"வைன் பண்ணை எண்டு தெரிஞ்சுதானே அந்த இடத்தைப் பிடிச்சனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"உள்ளுக்கை போனால் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரிய வேணும் போல இருந்தது."

"இப்ப தெரிஞ்சதோ?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சது. இன்னும் விருப்பமாத்தான் இருக்கு. அந்த மணத்துக்கே வில்லையைக் குடுத்து வாங்குவமோ எண்டு இருந்தது. இனி அங்கை போக வேண்டாம்."

இந்தப் பதிலைக் கேட்டால் பயந்துவிடுவேன் என்றுதான் இத்தனை காலமும் கேட்காமல் இருந்தேன். பயம் வந்தது, உண்மைதான். ஆனால் எட்டு மாதமாக அவருடைய முகத்தையும் மூச்சையும் பார்த்து நானே ஊகித்துக்கொண்டிருந்த ஒன்றை, அவர் தானாக என்னிடம் சொல்லிவிட்டார். இனி நான் ஊகிக்கத் தேவையில்லை, கேட்கலாம். அவரின் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விக்டோரியா வரும்வரை அவர் அந்த மூன்றாவது கூடையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.