மார்லேன் சொல்லாமல் விட்ட ஒன்று

மகேபூர் என்கிற தீவுக் கடற்கரை ஊரில் மார்லேன் வீட்டு மாடியில் தங்க வருகிறவர்களுக்குச் சாவி உடனே கைக்கு வராது. முதலில் எலுமிச்சை ஜூஸ் வரும், கூடவே அரைமணி நேரத்துக்குப் புத்திமதி வரும். ராத்திரி முழுக்க விமானத்தில் கண் விழித்து வந்தவன் கொட்டாவி விட்டாலும் சரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் சரி, அவள் விட மாட்டாள்.

"கடைக்குள்ள கால் வெச்சதும் போன்ஜூர்னு வணக்கம் சொல்லணும். விலையெல்லாம் அப்புறம். சொல்லலைன்னா கடைக்காரன் செவிடன் மாதிரி நிப்பான். அவன் மேல தப்பே இல்ல."

"தால் பூரி ஒண்ணு குடுன்னு கேக்காதீங்க, ஒரு ஜோடின்னு கேளுங்க. இங்க யாரும் ஒத்தையா விக்கமாட்டான்."

"கடல்ல வெறுங்காலோட இறங்காதீங்க. கல்லு மாதிரியே கிடக்கிற விஷ மீன் குத்திச்சுன்னா தேனிலவு ஆஸ்பத்திரியிலதான். ஞாயித்துக்கிழமை இருட்டுறதுக்கு முன்னாடியே பஸ் நின்னுடும், நடுரோட்டுல நின்னுக்கிட்டு என்னைத் திட்டக்கூடாது. நாய் துரத்தினா ஓடாதீங்க, குனிஞ்சு கல்லெடுக்கற மாதிரி பாவனை பண்ணுங்க. கல்லு வேணாம், பாவனையே போதும்!"

கோயில் என்றால் தோளை மூடு, தோல் பெல்ட்டைக் கழற்று. மசூதி என்றால் முட்டியை மூடு. சர்ச் என்றால் வாயை மூடு. இப்படி எல்லாச் சாமிக்கும் அவளிடம் ஒரு சட்டம் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் அவள் புருஷன் கயேத்தான், "சாமிங்களே இவ்வளவு கண்டிப்பா இல்லடி" என்பான். மீன் வலையைத் தூக்கிக்கொண்டு நழுவியும் விடுவான், பாவம்.

மார்லேன் சும்மா பேசுகிறவள் இல்லை. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, கடலோர ஓட்டல் ஒன்றில் முட்டி தேயும்வரை படுக்கை விரிப்பு தேய்த்தவள். அந்த ஓட்டலுக்கு வருகிறவர்கள் சுவருக்குள்ளேயே சாப்பிட்டு, சுவருக்குள்ளேயே குளித்து, ஒரு மனிதரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்புவதை அவள் வருஷக்கணக்காகப் பார்த்தாள். வெளியே போன ஒன்றிரண்டு பேரும் எங்கேயாவது ஏதாவது உளறி, முகம் சிவந்து வந்தார்கள். வேலையை விட்டதும் கையிலிருந்ததைப் போட்டு மாடி கட்டினாள். என் வீட்டுக்கு வந்தவன் இந்த ஊரில் அவமானப்படக் கூடாது, இந்த ஊர்க்காரனும் அவனால் அவமானப்படக் கூடாது என்பது அவள் வைராக்கியம்.

அடுத்த வீடு தன்வந்தியுடையது. நடுவில் இடுப்பளவு மதில்தான். தன்வந்தி துணி ஆலைக்கு வேலைக்குப் போன காலத்தில் அவள் பெண் யஷ்னா இருந்ததெல்லாம் மார்லேன் இடுப்பில்தான். மார்லேனுக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி அவள் பேசியதும் கிடையாது, யஷ்னா இருக்கும்போது என்ன பேச்சு? கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்கென்று முட்டை போடாத கேக் ஒன்று தனியாக வேகும். தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் மதில் மேலே தட்டு வரும். அந்த யஷ்னாவுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மார்லேன் புடவை கட்டிப் பழக ஆரம்பித்திருந்தாள். கொசுவம் நிற்காமல் கயேத்தானைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த ஜெர்மன் தம்பதி வந்தார்கள். நல்ல மனிதர்கள். எல்லாப் புத்திமதியையும் தலையாட்டிக் கேட்டார்கள், கடையில் போன்ஜூர் சொன்னார்கள், பூரியை ஜோடியாக வாங்கினார்கள். சாயங்காலம் கடலில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கொல்லைக் கொடி முழுக்க மார்லேனின் விரிப்புகள். ஈரத்துணியை எங்கே போடுவது? மாடிப்படியில் நின்றால் கைக்கு எட்டுகிற மாதிரி, மதிலுக்கு அந்தப் பக்கம், இரண்டு மூங்கில் நட்டிருந்தது. ஒன்று வசதியாகச் சாய்ந்தும் இருந்தது. உச்சியில் ஏதோ சிவப்புத் துணி பறந்ததே தவிர நடுவில் இடம் காலி. ஈரத்துணியை அங்கே கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள்.

அது தன்வந்தி வீட்டுச் சாமி மாடத்துக்கு மேலே நட்ட அனுமார் கொடி. இந்தத் தீவில் தவழுகிற குழந்தைக்குக்கூட அது தெரியும்.

காலையில் தன்வந்தி தலைக்குக் குளித்து, செம்பில் தண்ணீரும் செம்பருத்தியுமாக வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சாமி மாடத்தின் மேலே ஒரு பூப்போட்ட கால்சட்டையும், சொல்லக் கூசுகிற அளவுக்குச் சின்னதான ஒரு பெண்பிள்ளை உடுப்பும் சொட்டிக்கொண்டிருந்தன.

"மார்லேன்!"

ஓடி வந்த மார்லேன் பார்த்தாள்.  ஐயோ கடவுளே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது சிரிப்பு! பயத்தில் சிலருக்கு அப்படித்தான் வந்து தொலையும். அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த முட்டாள்தனத்தையும் செய்தாள். "பாவம்டி, வெளியூர்க்காரங்க, அவங்களுக்கு என்ன தெரியும்" என்றாள்.

 தன்வந்தி குச்சி ஒன்றை எடுத்து அந்தத் துணிகளை நெம்பி மதில் மேல் போட்டாள். செம்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஜெர்மன்காரர் விஷயம் தெரிந்து கண்ணீர் விடாத குறையாகப் போய் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு டீ கிடைத்தது. மார்லேனுக்குக் கதவு திறக்கவில்லை.

மறுநாள் பூஜை செய்யும் பண்டிதர் வந்தார். புது மூங்கில் வந்தது, புதுச் சிவப்புத் துணி ஏறியது. நெய்யில் ரவை வறுபடும் வாசனை தெருவைத் தூக்கியது. பிரசாதத் தட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் ஃபரூக் வீட்டுக்குப் போனது, மூலையிலிருக்கும் சீனர் கடைக்குப் போனது. மார்லேன் வேலையே இல்லாமல் மதிலோரம் நின்று தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். செடி அழுகியதுதான் மிச்சம். மதில் மேல் எந்தத் தட்டும் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் தன்வந்தியும் அவள் புருஷனும் வீடு வீடாகக் கல்யாணத்துக்கு அழைக்கக் கிளம்பினார்கள். ஃபரூக் வீட்டில் நுழைந்தார்கள். சீனர் கடையில் நுழைந்தார்கள். மார்லேன் முகம் கழுவி, நல்ல கவுன் போட்டு, மேசை மேல் தட்டில் பிஸ்கட் அடுக்கி உட்கார்ந்திருந்தாள். செருப்புச் சத்தம் அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. "என் இடுப்புல வளந்த பொண்ணு கல்யாணத்தை நான் மதில் மேல தலை நீட்டித்தான் பாக்கணுமா?" என்று கயேத்தானிடம் கத்தினாள்.

"போய்க் கேளு."

"நான் என்ன பண்ணினேன்? துணி நானா போட்டேன்?"

"சரி, போகாத."

"போகாதேன்னா சொல்ற? நீயெல்லாம் மனுஷனா?"

கயேத்தான் வலையை எடுத்துக்கொண்டான்.

ரோஷம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். இரண்டையும் வருகிற விருந்தாளிகள் தலையில் இறக்கினாள். சாவி கொடுக்குமுன் கையைப் பிடித்து இழுத்துப் போய் மதிலோரம் நிறுத்தினாள். "இது சாமிக் கொடி! தொடாதீங்க. துணி போடாதீங்க. விரலை நீட்டாதீங்க. கிட்ட நின்னு சிகரெட் பிடிக்காதீங்க. தும்மல் வந்தா அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க!" வந்தவர்கள் மிரண்டுபோய், மாடிப்படி ஏறும்போது கையைப் பையில் விட்டுக்கொண்டு, மதில் பக்கமே பார்க்காமல் ஏறினார்கள். இந்தக் கூத்தெல்லாம் தன் காதில் விழவேண்டும் என்றுதான் அவள் கத்துகிறாள் என்பது, உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த தன்வந்திக்குத் தெரியாதா? தெரிந்தது. கோபம் இன்னும் ஏறியது.

கல்யாணச் சனிக்கிழமை நெருங்கிவிட்டது. தன்வந்தி வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் தகரம் இறக்கினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மார்லேனால் உட்கார முடியவில்லை. ஒரு கேக் செய்தாள். அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள், பாதியில் திரும்பி வந்து கேக்கை மேசையில் வைத்தாள். கேக்கைக் கொடுத்துச் சமாளிக்கிற விஷயமா இது? வெறும் கையோடு போய் கேட்டைத் தட்டினாள்.

தன்வந்தி வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"என்ன?"

"நான் சிரிச்சது பயத்துலடி. தப்புதான். மன்னிச்சிடு."

"இத்தனை நாள் கழிச்சா?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெள்ளைக்காரனுக்கு எந்தக் கடையில குடை வாங்கணும்னு சொல்ற. நாய்க்கு எப்படிக் குனியணும்னு சொல்ற. என் வீட்டுச் சாமியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி வெக்கணும்னு தோணலை, இல்ல? இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கேன், உன் கண்ணுக்கு நாங்க அவ்வளவுதான்."

மார்லேனுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவள் துணியைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் பதில் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள்.  இதற்கு மனதில் இருந்ததே வந்தது.

"எனக்குப் புதுசா இருந்ததைத்தான்டி நான் சொல்லிக்குடுத்தேன். கோயில் சட்டத்தைக் கேட்டுக் கத்துக்கிட்டேன், மசூதிச் சட்டத்தையும் கேட்டுக் கத்துக்கிட்டேன். உன் கொடியை யார்கிட்டயும் கத்துக்கலை. அதைப் பாத்துத்தான் காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டு கயேத்தானைக் கடலுக்கு அனுப்புறேன். அது கீழ உக்காத்தி வெச்சுத்தான் யஷ்னாவுக்குச் சோறு ஊட்டினேன். என் கழுத்தை நெரிக்காதேன்னு வர்றவங்ககிட்டச் சொல்லி வெப்பேனா? அந்த மாதிரி இதையும் சொல்லணும்னு தோணலை. அவ்வளவுதான்."

தன்வந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  பந்தல்காரன் ஏதோ கேட்க வந்தவன், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"புதுக் கொடி ஏத்தின அன்னிக்கு உன் பங்கு எடுத்து வெச்சேன்டி" என்றாள் கடைசியில்.  "வழக்கமா வெக்கிற அதே கிண்ணத்துல, மேல தட்டு போட்டு மூடி. எப்படியும் நீ வந்துடுவேன்னு பாத்தேன். ராத்திரி வரைக்கும் பாத்தேன். மறுநாள் புளிச்சுப்போச்சு. சாமி பிரசாதம், குப்பையில கொட்ட மனசு வரலை. வாழை மரத்தடியில குழி வெட்டிப் புதைச்சேன். என் கையாலயே."

மார்லேன் கேட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தன்வந்தியும் அழுதாள். அழுதுகொண்டே தாழ்ப்பாளை நீக்கினாள்.

"உள்ள வா. இன்னிக்குப் பாத்து ஒண்ணும் செய்யலை. நேத்து ரொட்டிதான் கிடக்கு, காஞ்சுபோயிருக்கும். திங்கறியா?"

"குடு" என்றாள் மார்லேன்.