வண்டலோடு போன கொட்டி

பேராசிரியர் வளர்மதி மறைந்த செய்தி வந்தபோது, வேப்பந்தட்டைக்கு அருகே ஓர் ஏரியில் முழங்கால் நீரில் நின்றிருந்தேன். அவர் கேட்டிருந்த கொட்டி இலையைக் கிள்ளி உறையில் போட்டு மூடிய சமயம், அவர் மகள் அழைத்தாள். “சார், அம்மா போயிட்டாங்க” என்றாள். பிறகு, “எல எடுத்துட்டீங்களா சார்? காலைலகூட கேட்டாங்க” என்றாள்.

அரியலூரில் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். பெரம்பலூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், ஏரி ஏரியாக அவரோடு பஸ்ஸில் அலைந்தவன். இலையை நீரில் மிதக்கவிட்டுக் கிழங்கைச் சேற்றில் வைத்திருக்கும் கொட்டியை எங்கே கண்டாலும் இறங்கிவிடுவார். எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். “கண்ணுக்கு அவசரம் ஜாஸ்தி சார்” என்பார்.

வேப்பந்தட்டைப் பக்கத்து இந்த ஏரியின் கொட்டியை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். மற்ற ஏரிகளில் உள்ளதிலிருந்து அது வேறு இனம் என்று தெரிந்தது. வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். ஒரே சீருடையில் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறார்கள். அப்பா, தாத்தா பெயரைக் கேட்டால்தான் வேறு வேறு குடும்பம் என்று புரியும். மரபணு அந்தப் பெயர்களைச் சொல்கிறது. “பேர் வச்சிடலாமே” என்றேன். “பேரு கடைசி வேல சார். வேற எங்கயாச்சும் இருக்கான்னு மொதல்ல பாப்போம்” என்றார். தேடினோம். எங்கும் கிடைக்கவில்லை.

அதற்குள் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அந்தக் கோடையில் ஏரி வற்றியது. விவசாயிகள் அனுமதி வாங்கி வழக்கம்போல் வண்டலை வயலுக்கு அள்ளினார்கள். நீர் வற்றினால் கொட்டியின் இலை மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மண்ணோடு அதுவும் போயிற்று.

மழைக்குப் பிறகு அந்த ஊர் விவசாயி முருகேசன் அவரைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். “கவலப்படாதீங்கம்மா. அரியலூர் பக்கத்து ஏரிலேந்து ஒரு குட்டியானை வண்டி நெறைய கொட்டிய ஏத்தியாந்து வுட்டுட்டோம்.”

“நீங்களே எறங்குனீங்களா?”

“பின்ன? இடுப்பளவு சேறும்மா. ‘எனக்கு ஒரு ரோசாச்செடி வச்சிருக்கியா’ங்குறா எம் பொண்டாட்டி.”

வளர்மதி சிரித்தார். “நல்லதுங்க” என்றார். முருகேசன் போனதும் முகம் வாடிவிட்டது. “பழசு ஒண்ணு ரெண்டு மிஞ்சியிருந்தாலும் இனி கண்ணால பிரிக்க முடியாது சார். எடம் எடமா எல எடுத்து அனுப்புங்க.”

“அவருகிட்ட சொல்லிடலாமே?”

“ஆசையா செஞ்சவரு. எப்படி சார் சொல்றது?”

அதில் எனக்கு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை.

சோதனை முடிவு அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. அனுப்பிய இலை எல்லாமே வெளியிலிருந்து வந்த கொட்டி. போன வாரம் முருகேசன் என் வீட்டுக்கு வந்தார். “ஏரிக்கரைல அம்மா பேருல போர்டு வைக்கிறோம் சார். அவங்க கண்டுபிடிச்ச செடி இதுதான்னு நீங்கதான் எழுதித் தரணும்.”

இனி மறைப்பது முறையல்ல என்று நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். “அப்ப நா சோளக்காட்டுல கொண்டுபோயி கொட்டுனதா சார் அது?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

நேற்று அழைத்தார். “சோளக்காட்டு வரப்போரம் தண்ணி நிக்கிற பள்ளத்துல ரெண்டு எல மெதக்குது சார்.”

“நம்ம கொட்டிதானா?” என்றேன் அவசரமாக.

“அதாட்டம்தான் இருக்கு. பாத்து என்னா தெரியும்?”

அதில் ஓர் இலையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். பலகைக்கான வரியை நான் எழுதவில்லை. தெரியாததை எழுத மறுக்கும் பிடிவாதம் ஒன்றுதான் வளர்மதியிடமிருந்து என்னிடம் தங்கியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை, விட்டுவிடவும் மனமில்லை.