சுவரைப் பார்த்து நின்ற வாத்தியார்

பக்கத்து வகுப்பு தங்கவேல் வாத்தியார் என் கழுத்தை அறுப்பார் என்று போன மாதமே கணித்துவிட்டேன்.

பாடம் நடத்தும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, காரணமில்லாத பயம் வரும் எனக்கு. உடனே பிள்ளைகளைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன். அவர்கள் முடிப்பதற்குள் தெளிந்துவிடும். இப்படியொரு வைத்தியம் ஜில்லாவில் எந்த டாக்டருக்கும் தெரியாது. அந்தக் கணிப்புக்கு முன்பே தங்கவேலிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

இன்று பள்ளி இன்ஸ்பெக்டர் அந்த நேரம் பார்த்து நுழைந்தார். "என்னய்யா, சுவத்துக்கா பாடம் நடத்துறீரு?"

பின்னாலேயே வந்த தங்கவேல் முந்திக்கொண்டார். "அவருக்கு மனசு சரியில்லைங்கய்யா. எங்கிட்டச் சொல்லி அம்புட்டு அழுகை. இந்த வகுப்பையும் நானே பாத்துக்கிறேன்."

வகுப்பு கைமாறியது.

"ஏலே துரோகி!" என்று நான் போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடியே கழன்று விழுந்தது.

சத்தம் போட்டது மட்டும் பொய். சாக்பீஸைத் தங்கவேல் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதைக் கேட்கிற உங்களில் வேறு யாரிடமாவது நான் அழுதிருந்தால், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.